காகிதத்தில் உயிர் பிழைத்த சலனப் படங்கள்



1894ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்க நாட்டில் ஒருவர் தும்மினார். உலகில் நாள்தோறும் எத்தனையோ பேர் தும்முகின்றனர்; வரலாறு அவற்றைக் குறித்து வைப்பதில்லை. ஆனால் பிரெட் ஆட் என்னும் அவர், தாமஸ் ஆல்வா எடிசனின் தொழிற்கூடத்தில் பணி புரிந்தவர். மூக்குப்பொடியை உறிஞ்சி அவர் தும்முவதை, எடிசனின் உதவியாளரான டிக்சன் என்பார் சலனப் படக் கருவியைக் கொண்டு பதிவு செய்தார். ஐந்து நொடியளவே ஓடும் அந்தப் படத்தை இன்றும் நாம் காணலாம். அதற்குப் பின்னர்ப் பெரும்பொருள் செலவிட்டு, புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட எத்தனையோ படங்கள் இருந்த இடம் தெரியாமல் அழிந்தொழிந்தன. ஒரு தும்மல் நிலைபெற்றது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்று என் பேச்சின் நோக்கம்.

முதலில் அக்காலத்துச் சலனப் படம் எத்தகையது என்பதைக் கூறுகிறேன். எடிசனின் படத்தைக் கூட்டமாக அமர்ந்து காண இயலாது. பெட்டி ஒன்றின் மேல் உள்ள கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து, ஒருவர் பின் ஒருவராகவே காண வேண்டும். 1894 ஏப்ரலில் நியூயார்க் நகரில் அத்தகைய பெட்டிகளை வரிசையாக வைத்து முதல் காட்சிக் கூடத்தைத் திறந்தனர். வெண்திரையில் படத்தை வீழ்த்தி, கட்டணம் பெற்று, மக்கள் பலரும் ஒருங்கே காணும்படி செய்து வெற்றி கண்டவர்கள் பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறப்பாளர்கள். 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரக் காப்பிக் கடை ஒன்றின் நிலவறையில் அக்காட்சி நடந்தது. கட்டணம் 1 பிராங்கு. கட்டணம் செலுத்தி வந்தவர் 33 பேர். காட்டப்பட்ட படங்கள் 10. அவர்கள் கருவியில் ஏறக்குறைய 17 மீட்டர் நீளமுள்ள சுருளே கொள்ளும். கையால் சுழற்றினால் நொடிக்கு 16 படம் வீதம் 50 நொடியில் அது முடிந்துவிடும். ஆலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவதும், தோட்டக்காரர் முகத்தில் ஒரு குறும்புச் சிறுவன் நீரைப் பீய்ச்சுவிப்பதும் அந்த 50 நொடிக்குள் அடங்கின.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேற்செல்கிறேன். திரையில் புகைவண்டி வருவதைக் கண்ட மக்கள் அஞ்சி அலறி ஓடினர் என்னும் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அப்புகைவண்டிப் படம் முதல் நாள் காட்டிய பத்துப் படங்களில் இல்லவே இல்லை. மக்கள் ஓடியதற்கு அக்காலத்து உறுதியான சான்றும் இல்லை. சுவையான கதை என்பதற்காக அதனை வகுப்பறையில் வரலாறாக ஓதுவது தகாது என்பது என் கருத்து.

இப்படங்கள் அழிந்தமைக்குக் காரணம் பல. முதற் காரணம், சுருள் செய்த பொருள். நைட்ரேட் கலந்த செலுலாய்டு எளிதில் தீப்பற்றும். பற்றினால் அணைத்தல் அரிது. தீப்பற்றாது போயினும் நாளடைவில் பிசுபிசுத்துத் தூளாகிவிடும். 1897 மே மாதத்தில் பாரிசில் நடந்த அறச்சந்தை ஒன்றில், படம் காட்டும் கருவியின் ஈதர் விளக்கிலிருந்து எழுந்த தீ 120க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த காரணம் வாணிகம். அக்காலத்தில் படத்தைத் துணி விற்பதுபோல் நீளம் அளந்து விற்றனர். வாங்கியவர் அது கிழியும்வரை ஓட்டினார், பின்பு எறிந்தார். பழஞ்சுருளை யார் பேணுவார்? விந்தைப் படங்களுக்குப் பெயர்போன ஜார்ஜ் மெலியே, 1896 முதல் 1913 வரை ஏறத்தாழ 500 படங்கள் எடுத்தவர், வறுமையுற்று, வைக்க இடமும் இன்றி, 1923இல் தம் மூலச் சுருள்களைத் தம் கையாலேயே எரித்தார். தாம் பெற்ற பிள்ளைகளைத் தாமே தீயில் இட்டது போன்ற செயல் அது. பின்னர் அவர் பாரிஸ் புகைவண்டி நிலையம் ஒன்றில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார்.

இனி, பிழைத்த வகையைக் காண்போம். அதற்குக் காரணம் கலையார்வம் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். திருட்டுக்கு அஞ்சிய அச்சமே காரணம்.

ஒருவர் எடுத்த படத்தின் பிரதியை வாங்கி, அதிலிருந்து மறு பிரதி எடுத்து, தம் பெயரில் விற்பது அந்நாளில் வெளிப்படையாக நடந்த தொழில். இதனைத் தடுக்கப் பதிப்புரிமை வேண்டும். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் நூலுக்கு இடமுண்டு. 1865 முதல் நிழற்படத்துக்கும் இடமுண்டு. சலனப் படம் என்ற சொல்லே கிடையாது. பிறவாத குழந்தைக்குச் சட்டத்தில் பெயர் எழுதுவார் உண்டோ? எடிசனின் ஆட்கள் ஒரு வழி கண்டனர். சலனப் படம் என்பது நிழற்படங்களின் வரிசைதானே? ஆகவே சுருளில் உள்ள படங்களை ஒளியுணர் காகிதத்தில் அச்சிட்டு, அவற்றை நிழற்படம் என்றே பதிவு செய்தனர். பிரெட் ஆட்டின் தும்மலும் அவ்வாறே, 1894 சனவரி 9ஆம் நாள், 45 சிறு படங்கள் அடங்கிய ஒரே அட்டையாக, வாஷிங்டன் நகரில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் பதிப்புரிமை அலுவலகத்தைச் சென்றடைந்தது. பின்பு படச்சுருளின் அகலத்திலேயே நீண்ட காகிதச் சுருள்களைச் செய்து, முழுப் படத்தையும் அச்சிட்டு அனுப்பினர். நம் வீட்டுத் திருமண நிழற்படங்கள் முன்னாளில் எந்தக் காகிதத்தில் இருந்தனவோ, ஏறக்குறைய அவ்வகைக் காகிதமே இதுவும்.

இந்த ஏற்பாடு சட்டத்தின் முன் செல்லுமா என்ற ஐயம் விரைவில் எழுந்தது. செர்மானியப் பேரரசருக்காகக் கட்டப்பட்ட ‘மீட்டியர்’ என்னும் உல்லாசப் படகை 1902இல் நியூயார்க்கில் நீரில் இறக்கினர். எடிசன் நிறுவனம் அதனைப் படம் பிடித்துப் பதிவு செய்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த லுபின் என்பார் அதனை அப்படியே பிரதி செய்து விற்றார். வழக்கு நடந்தது. அச்சுருளில் சுமார் 4,500 படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே பதிவு வேண்டும் என்னும் கருத்தை ஏற்று, கீழ்நீதிமன்றம் லுபினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது! அவ்வாறாயின் ஒரு நிமிடப் படத்துக்கும் கணக்கற்ற விண்ணப்பங்கள் தேவைப்படும். 1903 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தொடர்ச்சியாக எடுத்த படங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே நிழற்படமாகும் என்று அது முடிவு செய்தது. அது முதல் காகிதச் சுருள்கள் அச்சமின்றி வந்து குவிந்தன. மெலியேயின் ‘சந்திர மண்டலப் பயணம்’ என்னும் 1902ஆம் ஆண்டுப் படத்தை அமெரிக்கர் வேண்டியமட்டும் களவாடி விற்றதால், அவரும் தம் தமையன் காஸ்தனை 1903இல் நியூயார்க்குக்கு அனுப்பிக் கிளை அமைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார். பாரிசில் தம் கையாலேயே தீயிட்ட மெலியேயின் படங்களுள் சில வாஷிங்டனில் காகிதமாய்க் கிடந்த விந்தையை எண்ணிப் பாருங்கள்!

1912இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டுச் சலனப் படம் தனி இனமாக ஏற்கப்பட்டது. காகிதத்தின் தேவை நீங்கியது. அதுவரை சேர்ந்த 3,000க்கும் மேற்பட்ட படங்களின் காகிதச் சுருள்கள் நூலகத்தின் காப்பறை ஒன்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஹோவர்ட் வால்ஸ் என்னும் நூலகப் பணியாளரின் முயற்சியால் அவற்றின் அருமை வெளிப்பட்டது. ஆனால் காகிதத்தின் ஊடே ஒளியைச் செலுத்தித் திரையில் காட்ட முடியாதே! ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே மறுபடியும் பிலிமில் எடுத்தாக வேண்டும். காகிதமோ சுருங்கியும் முறுகியும் ஒடிந்தும் இருந்தது. கெம்ப் நிவர் என்பார் இதற்கெனக் கருவி அமைத்து, 1953இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் இப்பணியில் ஈடுபட்டார். அவர் திரைத்துறைப் பேரறிஞர் அல்லர். முன்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறையில் பணிபுரிந்தவர். 1955இல் ஆஸ்கர் விழாவில் அவருக்குச் சிறப்புப் பரிசு வழங்கினர். எத்தனையோ நடிகர் பெயரை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். இம்மனிதர் பெயரையும் அறிந்து வைத்தல் நன்று.

இக்காகிதங்களால் விளைந்த பயன் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடவில்லை. வரலாற்று மாணவர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எட்வின் போர்ட்டர் என்பார் எடிசன் நிறுவனத்துக்காக எடுத்து, 1903இன் தொடக்கத்தில் வெளியான ஒரு படம், தீயணைப்பு வீரர் ஒருவர் தீப்பற்றிய வீட்டினின்று ஒரு தாயையும் குழந்தையையும் மீட்பதைக் காட்டுவது. நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் இருந்த பிரதியில், வீட்டின் உட்புறமும் வெளிப்புறமும் மாறி மாறி வருகின்றன. அறையில் வீரர் தாயைத் தூக்குகிறார், உடனே வெளியே ஏணி, மீண்டும் அறை, மீண்டும் ஏணி. இன்று எந்தப் படத்திலும் காணும் முறைதான் இது. இதனைக் கொண்டு, நிகழ்ச்சிகளை வெட்டி மாற்றித் தொடுக்கும் கலையை 1903இலேயே போர்ட்டர் கண்டுவிட்டார் என்று எழுதிப் போற்றினர்.

பதிப்புரிமைக்காக 1903இல் கொடுத்த காகிதப் பிரதியோ வேறு கதை சொல்லியது. அதில் மீட்புக் காட்சி முழுவதும் முதலில் உள்ளிருந்து காட்டப்படுகிறது. தாயும் மீட்கப்படுகிறாள், குழந்தையும் மீட்கப்படுகிறது. பிறகு அதே நிகழ்ச்சி முழுவதும் வெளியிலிருந்து இரண்டாம் முறை காட்டப்படுகிறது! நமக்கு இது நகைப்பூட்டலாம். ஆனால் அக்காலத்து மக்கள் படக்கதையை அவ்வாறே விளங்கிக்கொண்டனர். காட்சியகத்துப் பிரதி, பிற்காலத்தார் எவரோ தம் காலத்துப் பழக்கத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டியது என்பதை 1970களில் ஆய்வாளர்கள் ஐயமற நிறுவினர். நம் பழஞ்சுவடிகளில் ஏடு பெயர்த்து எழுதுவோர் தமக்கு விளங்காத இடத்தில் தாமே ஒரு பாடத்தைப் புகுத்திவிடுவார். அதனை இடைச்செருகல் என்போம். படச்சுருளிலும் இடைச்செருகல் உண்டு. அதனைக் களைய உதவியது, நாள் குறித்து அலுவலகத்தில் ஒப்படைத்த அந்தக் காகிதம். காலம் பொறித்த கல்வெட்டுக்கு உள்ள மதிப்பு அதற்கு உண்டு.

இதற்கு நேர்மாறாக, 1912ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விளைவைப் பாருங்கள். சலனப் படத்தைச் சட்டம் மதித்து ஏற்றுக்கொண்டது, நல்ல செயல்தான். ஆனால் இனிக் காகிதம் வேண்டியதில்லை. நைட்ரேட் சுருளை நூலகத்தில் வைத்தால் தீ அபாயம். எனவே பதிவுக்கு வந்த சுருள்களை நூலகம் உரியவரிடமே திருப்பி அனுப்பியது. கதைச்சுருக்கம் முதலிய எழுத்துக் குறிப்புகளே கோப்பில் தங்கின. 1912க்கும் 1929க்கும் இடையில் அமெரிக்காவில் வெளியான நெடும் பேசாப்படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றுள் முதலில் வெளியான வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடே என 2013இல் அந்நூலகம் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சட்டம் குறையுடையதாய் இருந்த காலத்துச் சிறு படங்கள் வாழ்ந்தன. சட்டம் திருந்திய காலத்துப் பெரும் படங்கள் மாண்டன.

நம் நாட்டின் நிலை என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். லூமியேர் படங்கள் 1896 சூலை 7ஆம் நாளே பம்பாய் வாட்சன் ஓட்டலில் காட்டப்பட்டன. தமிழகத்திலும், திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் சிறு படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அப்படங்களுள் ஏசுநாதர் வாழ்க்கைப் படமும் ஒன்று. பின்னர்ச் சென்னையில் நடராச முதலியார் ‘கீசக வதம்’ எடுத்தார். அதன் சுருள் இன்று நமக்குக் கிட்டவில்லை. இந்திய நாட்டில் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட நூலின் பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதனால் அக்காலத்துச் சிறு குஜிலிப் புத்தகத்தின் பெயரையும் அரசாங்கப் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்கலாம். படத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. 1914ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பதிவு எதனையும் வேண்டவில்லை. எனவே நம்மவர் எவரும் எந்த அலுவலகத்திலும் காகிதச் சுருள் கொடுத்து வைக்கவில்லை.

எனினும் தென்னாட்டுப் பேசாப்படங்களுள் அரிதாக எஞ்சியது ஒன்று உண்டு. அதனைக் காத்ததும் பதிப்புரிமை வழக்கே. 1933இல் திருவனந்தபுரத்தில் ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் படம் வெளிவந்தது. அது சி. வி. இராமன் பிள்ளை எழுதிய மலையாள நாவலைத் தழுவியது. நாவலின் உரிமையைப் பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர், படம் நிறுத்தப்பட்டது, எடுத்தவர் பெரும் இழப்புக்கு உள்ளானார். சுருளோ ஊர் ஊராக ஓடித் தேயாமல், பதிப்பகத்தார் வசம் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. பிற்காலத்தில் புணே நகரின் தேசியத் திரைப்படக் காப்பகத்தார் அங்கிருந்தே அதனைப் பெற்றுச் சென்றனர்.