இரண்டு மாதச் சக்கரவர்த்தி

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கும் ஹண்டிங்டனுக்கும் இடையே புதிய நெடுஞ்சாலை போடத் தீர்மானித்தார்கள். வயல்களின்மேல் தார் விழுமுன், 2016 முதல் 2018 வரை, சுமார் 250 பேர் அங்கே மண்ணைக் கிளறினார்கள். புதிய கற்காலத்துச் சடங்கு வட்டங்கள், இரும்புக்காலக் குடியிருப்புகள், ரோமானியர் காலத்து மட்பாண்டச் சூளைகள் எல்லாம் வெளிப்பட்டன. கி.மு. 400-ஐ ஒட்டியே அங்கே பீர் காய்ச்சியிருக்கிறார்கள். மதுவிலக்கு அன்பர்கள் மன்னிக்க!

என் மனத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு காசு. சிறிய ரோமானியப் பண்ணை ஒன்றின் வாய்க்காலில் கிடந்தது. அதில் லேலியானஸ் முகம். கி.பி. 269-இல் ரைன் நதிப் பிரதேசத்தில் கலகம் செய்து, தன்னைச் சக்கரவர்த்தி என்று சொல்லிக்கொண்டவன்; ஏறக்குறைய இரண்டே மாதத்தில் கொலையுண்டான். அந்தக் காசு கடல் தாண்டிப் பண்ணைக்கு வந்து சேருமுன்பே ஆள் போயிருக்கலாம். குடியானவனுக்கு அதெல்லாம் தெரிந்திருக்குமா? காசு செல்லுமா என்பதுதானே அவன் கவலை!

ஒன்று சொல்ல வேண்டும். தோண்டுவதும் ஒருவகை அழிவுதான். அகழ்ந்த வாய்க்கால் மறுபடி வாய்க்காலாகாது; படங்களும் குறிப்புகளுமே மிச்சம். தோண்டாமல் சாலை போட்டிருந்தால் அவையும் இல்லை, லேலியானஸும் இல்லை. 2020-இல் சாலை திறந்துவிட்டது. அந்தக் காசைக் குடியானவன் தொலைத்தானா, செல்லாதென்று எறிந்தானா?