கருந்தோணி: ஒரு மெட்டும் இரு பாடல்களும்

போர்த்துக்கேய மொழியிற் பிரிவாற்றாமையைப் பாடும் பாடல்களுள் 'பார்க்கோ நெக்ரோ' (கருந்தோணி) பெரும்புகழ் வாய்ந்தது. ஃபாடோ இசைமரபின் தலைசிறந்த பாடகியாகிய அமாலியா ரொட்ரிகஸ் (1920–1999), 1955 ஆம் ஆண்டு வெளிவந்த 'தேஜோ நதிக் காதலர்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தில் இதனைப் பாடினார். பாடலை யாத்தவர் தாவித் மொராவ் ஃபெரைரா (1927–1996) என்னும் கவிஞர்.

கடற்கரை மணலிற் கண்விழிக்கும் பெண்ணொருத்தி, காலை ஒளியில் தன் தோற்றம் காதலனுக்குப் பிடியாது போகுமோ என நடுங்குகின்றாள். அவன் கண்கள் அவ்வச்சத்தைப் போக்குகின்றன. அடுத்து அவள் காண்பது பாறைமீது ஒரு சிலுவையும், ஒளியிடை ஆடும் அவனது கரிய தோணியுமே. இரு காட்சிகளுக்குமிடையே நிகழ்ந்தது யாது எனப் பாடல் கூறுவதில்லை. அவன் மீளான் என மூதாட்டியர் உரைக்க, அவர்களைப் பித்தர் என்கின்றாள். அவன் புறப்படவே இல்லையாம்! காற்றிலும் நீரிலும் அணையும் நெருப்பிலும் படுக்கையின் வெம்மையிலும் அவனையே உணர்கின்றாள். 'சவுதாதே' எனப் போர்த்துக்கேயர் வழங்கும் ஏக்கம், இழப்பை இழப்பென ஏற்க மறுக்கும் எல்லைவரை இங்குச் சென்றுவிடுகின்றது.

நெய்தற்றிணையிற் பயின்ற நமக்கு, கடலும் இரங்கலும் இயல்பாகவே இணைந்தன என்று தோன்றும். ஆயின் இம்மெட்டுக்குக் கடல் பிற்காலத்தே வந்தது.

மெட்டு பிரேசில் நாட்டுக்குரியது. காக்கோ வேல்யோ, பிராத்தினி ஆகிய இருவர் 1940 களில் ஆக்கிய 'மாய் பிரேத்தா' (கறுப்புத் தாய்) என்னும் பாடலே அதன் மூலம். அடிமைப் பெண்ணொருத்தி எசமானின் வெள்ளைக் குழந்தையைத் தாலாட்டுகின்றாள். அவ்வேளையில் அவளுடைய காதலன்மீது சவுக்கடி விழுகின்றது. பிரேசிலில் அடிமைமுறை 1888 இல் ஒழிக்கப்பட்டிருந்தும், போர்த்துக்கலில் இப்பாடல் சலாசார் ஆட்சியின் தணிக்கைக்குத் தப்பவில்லை. காரணத்தை ஊகித்தல் அரிதன்று. அங்கோலா, மொசாம்பிக் முதலிய குடியேற்றங்களை 1951 இல் 'கடல்கடந்த மாகாணங்கள்' எனப் பெயர்மாற்றி, இனவேற்றுமையற்ற பேரரசு தமதென உலகிற்குக் காட்ட முயன்ற அரசு அது. ஆபிரிக்கரைக் குடியுரிமையற்ற 'சுதேசிகள்' என வகுத்த சட்டமோ 1961 வரை நீக்கப்படவில்லை. அத்தகைய அரசின் செவிக்குச் சவுக்கின் ஒலி உவப்பாயிராது.

மெட்டு நிலைக்க, சொற்கள் மாறின. இரண்டும் காதற்பாடல்களே என்பது கருதத்தக்கது. இரண்டிலும் பெண் ஒருத்தி தன்னால் தடுக்கவியலாத கேட்டின்முன் நிற்கின்றாள். முன்னையதிற் கேடு செய்பவன் மனிதன். அவன் கையிற் சவுக்கு உண்டு. பின்னையதிற் கடல், அதனை எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை. மொராவ் ஃபெரைராவின் கவிதை சிறந்தது என்பதில் ஐயமில்லை. அச்சிறப்பே பழைய பாடலை மக்கள் மறக்கத் துணைசெய்தது என்பதும் உண்மை.

ஒன்று மட்டும் எஞ்சியது: நிறம். தாய்க்கு அடையாய் நின்ற கருமை தோணிக்கு அடையாயிற்று. கவிஞர் அதனை அறிந்தே விட்டுவைத்தார் என்று கொள்ளவே நான் விரும்புகின்றேன்.