மன்றமும் ஆடுகளமும்

பழந்தமிழில் 'மன்றம்' என்னுஞ் சொல் இருபொருளை ஒருங்கே தாங்கி நிற்கின்றது. ஊர்நடுவே மரநிழலில் முதியோர் கூடி வழக்காராய்ந்த இடமும் மன்றமே. இளையோர் கூடி ஆடிக் களித்த வெளியும் மன்றமே. ஆராய்தற்கு ஓரிடம், ஆடுதற்கு வேறோரிடம் என அக்காலத்தார் பிரித்துவைத்தாரல்லர். பிற்காலத்தில் இவ்விரண்டும் எவ்வாறு பிரிந்தன, அப்பிரிவினால் விளைந்த குறை யாது என்பனவற்றை வெல்லாவெளிப் பகுதியின் வரலாற்றைக்கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப்புறம் எழுவான்கரை எனவும் மேற்குப்புறம் படுவான்கரை எனவும் வழங்கும். படுவான்கரையில், போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர் வெல்லாவெளி. சூழவும் வயல், வயலுக்கு நீர் தரும் குளங்கள். இத்தகைய நாட்டிலே ஒருவன் தன் மனம்போல விதைத்தலும் அறுத்தலும் இயலா. நீரை எந்நாளில் திறப்பது, வேலியை எந்நாளுக்குள் அடைப்பது, மாடுகளை வயல்வெளியினின்றும் எப்போது அகற்றுவது என்பனவற்றை உழவர் கூடியே முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவு வழுவாது நடைபெறுதலைப் பார்த்துக்கொள்ள வட்டவிதானை இருந்தார். கோயிற் காரியங்களை வண்ணக்கரும் குடித்தலைவரும் கலந்து பேசினர். கூடிப் பேசுதல் என்பது இந்நாட்டார்க்கு வேளாண்மை கற்பித்த பாடம் எனலாம்.

ஆட்டமும் அத்தகையதே. கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த கொம்புமுறி விளையாட்டு இதற்குத் தக்க சான்று. மழை பொய்த்தும் நோய் பரந்தும் ஊர் வருந்திய காலங்களில் அம்மனை வேண்டி இது நிகழ்த்தப்பட்டது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இருபாலாகப் பிரிவர்; முன்னது கோவலன் பக்கம், பின்னது கண்ணகி பக்கம். வளைந்த வைரமரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். சிங்கள மக்களிடையே இதனையொத்த விளையாட்டு 'அங்கெலிய' எனப்படும். வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலிலும் இவ்விளையாட்டுக்கு இடமுண்டு. கயிறு அறுந்தாற் காயமுண்டு. வென்றவர் எள்ளினாற் சச்சரவுமுண்டு. ஆதலின், இரு சேரியாரும் முன்கூட்டியே உடன்படாவிடத்து ஆட்டம் தொடங்குதல் எளிதன்று. தேற்றாத்தீவிலே 'கொம்புச்சந்தி' என்னும் பெயர் பிள்ளையார் கோயிலொன்றோடு இணைந்து இன்றும் நிலைத்திருக்கின்றது. ஊரார் தாமே வகுத்த களத்தின் பெயரை ஊர் எளிதில் மறப்பதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் பயிரிடப்படாத வெளியும் முடிக்குரியன எனக் கொண்டது. உறுதியெழுதிப் பெறாது வழக்கத்தினாலே ஊரார் ஆண்டுவந்த பொதுவெளிக்கு உறுதி காட்டுதல் எங்ஙனம் கூடும்? இதனாலே ஊர்ப்பொது என்னுங் கருத்தே தளர்ந்தது. எனினும், ஊர்க்கூட்டமின்றி நீர்ப்பாசனம் நடவாது என்பதை ஆட்சியாளர் விரைவில் உணர்ந்தனர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் நிறைவேறிய 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நெல்வயல்பற்றிய பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிரளிக்க முயன்றது. 1871இல் வந்த கிராமச் சமுதாயக் கட்டளைச்சட்டம் பாதை, கிணறு, மேய்ச்சல் நிலம் முதலாய பொதுக் காரியங்களுக்கு விதி வகுக்கும் உரிமையை ஊரவர்க்கு அளித்தது. எடுத்த உரிமையிற் சிறுபகுதி இவ்வாறு திரும்பிற்று. ஆயின், அது வழக்கத்தின் உரிமையாகவன்றி, அரசு வழங்கிய அனுமதியாகவே திரும்பிற்று.

பழைய ஊர்க்கூட்டத்தைக் குறையற்றதெனப் போற்றுதலும் வரலாற்றுக்குப் பொருந்தாது. சோழநாட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) ஏரிவாரியத்தோடு தோட்டவாரியத்தையும் குடவோலையாலே தெரிந்தமையைக் கூறுகின்றன. தோட்டத்துக்கெனத் தனி வாரியம் கண்ட சிறப்பு வியக்கத்தக்கதே. ஆயினும், இறை செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையும் உடையோர், முப்பத்தைந்து முதல் எழுபது வரை அகவையுடையோர் மட்டுமே குடவோலைக்குரியர். மட்டக்களப்பிலும் குடித்தலைமையும் நிலமுமே சொல்லுக்கு வலிமை தந்தன. பெண்டிரும் நிலமற்றோரும் அவையிற் சமமாக அமர்ந்தாரல்லர். சிறுவரை எவருங் கேட்டிலர். ஆடுவோர் ஒருவர், ஆட்டத்துக்கு இடம் வகுப்போர் வேறொருவர் என்னும் பிரிவு சட்டத்தால் மட்டும் வந்ததன்று; ஊருக்குள்ளேயே அதன் வித்து இருந்தது.

இக்குறையைப் பிறநாட்டாரும் தாமதித்தே உணர்ந்தனர். டென்மார்க்கு நாட்டுத் தோட்டக்கலை வல்லுநர் சோரன்சன் என்பார், தாம் திருத்தமுற அமைத்த திடல்களை விட்டுச் சிறுவர் கட்டட வேலைநிலங்களிற் கிடந்த பலகைகளோடு ஆடி மகிழ்தலைக் கண்டார். அவர் கருத்தின் வழி, 1943இல் கோப்பன்கேகனையடுத்த எம்ட்ரப்பில் சிறுவர் தாமே கட்டியும் கலைத்தும் ஆடத்தக்க களம் எழுந்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயம், ஆடும் உரிமையை 31ஆம் உறுப்புரையிலும், தம்மைப்பற்றிய காரியங்களிற் கருத்துரைக்கும் உரிமையை 12ஆம் உறுப்புரையிலும் கூறிற்று. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது.

கிராம சபைகள் 1981இல் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் தோன்றின. உறுப்பினரோடு ஊரவரையுஞ் சேர்த்துக் குழு அமைத்தற்கு அச்சட்டம் இடமளிக்கின்றது. ஆயின், போர் குறுக்கிட்டது. 2007இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்து, மீண்டு வந்தனர். 2008 மார்ச்சில் மட்டக்களப்பில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களில் நாலிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. ஊர்க்கூட்டத்தின் பழைய குறையொன்று இவ்வாறு ஓரளவு நீங்கலாயிற்று.

எஞ்சிய குறை நீங்குதல் ஊரவர் கையிலுள்ளது. திடலொன்றைத் திருத்தும்போது ஊஞ்சலும் வேலியும் நிறமும் வெளியிலிருந்து வரலாம். மாரிவெள்ளம் எம்மூலையில் தேங்கும் என்பதை 2011 சனவரி வெள்ளத்தைக் கண்ட முதியவரே அறிவர். பெண்பிள்ளைகள் எவ்வழியாக அச்சமின்றி வருவர் என்பதைத் தாய்மாரே அறிவர். வெயில் எந்நேரத்தில் சறுக்குமரத்தைச் சுடும் என்பதைச் சிறுவரே அறிவர். இவரைக் கேளாது அமைத்த திடல், சிறிது காலத்தில் மாடு கட்டும் இடமாக முடிதலும் உண்டு. கேட்டு அமைத்ததை ஊர் தானே காக்கும். பழுதுற்றால் தானே திருத்தும்.

ஆராய்தலும் ஆடுதலும் ஓரிடத்தே நிகழ்ந்த காலத்தின் சொல் மன்றம். அச்சொல்லை இன்று சங்கங்களின் பெயர்ப்பலகையில் மட்டும் வைத்திருக்கின்றோம். அது மீண்டும் தன் முழுப்பொருளைப் பெறவேண்டுமாயின், ஆடும் பிள்ளையும் ஆராயும் அவையில் அமர்தல் வேண்டும்.