ஜாதகக் கட்டிலிருந்து புனல் வரை

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயில், அதையொட்டிப் பரந்து கிடக்கும் பெரிய குளம். கோட்டைப் பகுதியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ். இத்தகைய வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் வெளியே வருவது நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம்தான்.

அந்த ஜாதகம் பத்து வீடுகளுக்குப் போகும். சில வீடுகளிலிருந்து பதிலே வராது. சில இடங்களில் நட்சத்திரம் சேராது. பொருத்தம் இருக்கிறது என்று இரண்டோ மூன்றோ வீட்டார் சொல்லியனுப்புவார்கள், அதில் ஒரு வீட்டார் பெண் பார்க்க வருவார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்பார்கள். கடிதம் வந்தால் நிச்சயதார்த்தம். ஒவ்வொரு படியிலும் ஆள் குறைந்துகொண்டே வருவதைத் தரகர் மனத்திலேயே கணக்கு வைத்திருப்பார். ஜாதகம் பொருந்தியும் பேச்சு நின்றுபோனால், எங்கே நின்றது என்று நேரில் போய்க் கேட்பார். நகையா, படிப்பா, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா?

மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் இந்த வடிவத்தைத்தான் இன்றைய இணைய வணிகம் புனல் என்கிறது. வாங்குபவர் கவனித்து, ஆர்வம் கொண்டு, ஆசைப்பட்டு, கடைசியில் வாங்குகிறார் என்ற படிவரிசையின் தொடக்கத்தை 1898-இல் அமெரிக்க விளம்பரக்காரர் எல்மோ லூயிஸிடம் காண்பது வழக்கம். 1923-இல் கிளாட் ஹாப்கின்ஸ் எழுதிய 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' நூல், கூப்பனை வெட்டி அனுப்புபவர்களை எண்ணி எந்த விளம்பரம் பலித்தது என்று பார்க்கச் சொன்னது. நம் நாளிதழ்களின் 'மணமகன் தேவை' பகுதியில் இருந்த பாக்ஸ் நம்பரும் ஒருவகையில் இதே வேலையைச் செய்தது. எந்த விளம்பரத்துக்கு எத்தனை கடிதம் என்பது கட்டைப் பிரித்தாலே தெரிந்துவிடும். ஆனால் விளம்பரத்தைப் படித்துவிட்டுப் பேனாவை எடுக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள இணையம் வழி செய்தது. யார் ஒரு பக்கத்தைத் திறந்தாலும் சர்வரின் பதிவேட்டில் ஒரு வரி விழுகிறது. எந்த முகவரியிலிருந்து, எந்த நொடியில், எந்தப் பக்கம் என்ற விவரம் அதில் இருக்கும். வந்து பார்த்துவிட்டுச் சும்மா போனவரின் காலடியும் பதிவாகிறது.

இதன் பலனைத் தமிழர் ஒருவரின் கதையிலேயே காணலாம். சென்னை ராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தவர். அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்தபோது, 1997-இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். தமிழ் நாட்காட்டி போன்ற பலவற்றோடு வரன் தேடும் பகுதியும் அதில் இருந்தது. மற்றவற்றைவிட மக்கள் அந்தப் பகுதிக்கே அதிகம் வருவதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் பாரத் மேட்ரிமோனி. அவருக்கே மனைவி அமைந்தது தம் தளத்தின் வழியாகத்தான். 2017 செப்டம்பரில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

தளத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது எளிது. எந்த வாசலில் கூடுகிறார்கள் என்று பார்த்து, அந்த வாசலையே நம்பி இறங்கத் துணிவதுதான் கடினம். முருகவேல் செய்த பெரிய காரியம் அதுவே.

2005 நவம்பரில் கூகுள், தான் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்தின், தள வருகையைக் கணக்கிடும் கருவியைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் புதுப் பதிவுகளைச் சில நாட்களிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அதுவரை பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்துப் பார்த்த கணக்கு, ஊறுகாய் விற்கும் சிறு தளத்துக்கும் கிடைத்தது.

அந்தக் கணக்கை எப்படிப் படிப்பது? ஒரு திருமணத் தளத்துக்கு 1000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 400 பேர் பதிவுப் படிவத்தைத் திறக்கிறார்கள், 120 பேர் நிரப்பத் தொடங்குகிறார்கள், 30 பேர் முடிக்கிறார்கள். முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் என்பதோடு நின்றால் ஒன்றும் புரியாது. நிரப்பத் தொடங்கிய 120 பேரில் 90 பேர் எந்தக் கட்டத்தில் கைவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பிறந்த நேரம் கேட்கும் இடமாக இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பாமலே இருந்திருப்பார். அந்தக் கேள்வியைப் பின்னால் தள்ளி, பாதிப் பேருக்குப் பழைய படிவத்தையும் மீதிப் பேருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிட்டால் உண்மை தெரியும். எங்கே நின்றார்கள் என்பதைக் கருவி காட்டிவிடும். ஏன் நின்றார்கள் என்பதற்குத் தரகரைப் போல நாலு பேரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

ஸ்ரீவராகத்து வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். தாய்மொழி தமிழ், மாநிலம் கேரளா. தமிழ் மேட்ரிமோனியும் இருக்கிறது, கேரளா மேட்ரிமோனியும் இருக்கிறது. எந்த வாசலில் நுழைவது என்ற தயக்கம் அந்த வீட்டுக்கு முதல் பக்கத்திலேயே வந்துவிடும். படிவத்தின் முதல் கேள்வியோ, இந்தப் பதிவு யாருக்காக என்பது. மகனுக்கா, மகளுக்கா, தனக்கேவா? மகளுக்கு என்பதைத் தொட்டுவிட்டு, பிறந்த நேரத்துக்காக அம்மா அலமாரியில் ஜாதகக் கட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.