வெளிச்சம் தங்கிய இடம்

சென்ற கோடையில் பேஸ்மென்ற் சுவருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். அந்த வெண்மைக்குள் ஒரு விஞ்ஞானச் சர்ச்சை ஒளிந்திருந்ததைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன்.

கதை 1958இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பிலிப் அண்டர்சன், ஒழுங்கான பளிங்கில் அலையாகப் பரவும் இலத்திரன், ஒழுங்கு போதிய அளவு குலைந்தால் ஓரிடத்திலேயே தங்கிவிடும் என்று எழுதினார். மறிப்பதற்குச் சுவர் வேண்டியதில்லை. சிதறிய அலைகள் வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே போதும். அப்போது அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. 1977இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியும் அலைதானே? அதையும் இப்படித் தங்கவைக்கலாம் என்றார் சஜீவ் ஜோன். பின்னர் எங்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். முதலில் ஒழுங்கான அடுக்கைக் கட்டி, பிறகு அதைச் சற்றுக் குலைக்க வேண்டும் என்பது 1987இல் அவர் காட்டிய வழி.

ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸில் ஒரு குழு வேறு வழியில் போனது. வெள்ளைப் பெயின்றில் சேர்க்கும் ரைற்றேனியம் டையொக்சைட் தூளுக்குள் ஒளி தங்குவதைக் கண்டதாக 2006இலும் 2013இலும் அறிவித்தது.

இடையில், 2007இல், இஸ்ரேலின் ஹைஃபாவில் லேசர்க் கதிர்களைக் குறுக்கிடச் செய்து ஒரு பளிங்குக்குள் ஒளியாலேயே அடுக்கு வரைந்தார்கள். அதில் வேண்டிய அளவு குழப்பத்தைச் சேர்த்து, 100 வெவ்வேறு குழப்பங்களின் சராசரியை எடுத்தார்கள். குழப்பம் கூடக்கூட, முன்னே சென்ற கதிர் பக்கவாட்டில் பரவாமல் ஒடுங்கியது. 2020இல் ஷங்ஹாய்க் குழு குழப்பமே இல்லாமல் அதைச் செய்தது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு அடுக்குகளில் ஒன்றைத் திருப்பினார்கள். சில கோணங்களில் ஒளி பரவியது. மற்றவற்றில், அடுக்குக்குப் போதிய வலு இருந்தபோது, தங்கியது.

கொன்ஸ்ரான்ஸ் குழு 2016இல் மீண்டும் எழுதியது. தாங்கள் கண்டது தங்கிய ஒளியை அல்ல, தூளே உமிழ்ந்த ஒளிர்வை என்று அறிவித்தது.

தூளில் குழப்பம் தானாக அமைகிறது. அடுக்கில் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், இல்லாமலும் செய்யலாம். ஹைஃபாவின் முடிவை நம்பவைத்தது அந்தக் கட்டுப்பாடுதான். ஆனாலும் எனக்குப் பிடித்தது 2016ஆம் ஆண்டுக் கட்டுரை. புலம்பெயர்ந்த நாங்கள் எங்கள் வரலாற்றை நிறையவே எழுதுகிறோம். 'நாங்கள் கண்டது பிழை' என்று எழுதிய பக்கங்களை அதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.