திங்கட்கிழமை ராத்திரி அணைந்த அடுப்பு

புதிய பிரதமர் பதவியேற்கும் போதெல்லாம் தொலைக்காட்சியில் ஒரு விவாதம் நடக்கும். முதலில் எந்த நாட்டுக்குப் போவார், சீனாவை எப்படிச் சமாளிப்பார், அமெரிக்கா என்ன சொல்லும் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கு அப்போது எங்கள் வீட்டு அடுப்படிதான் ஞாபகத்துக்கு வரும்.

1965-ல் எனக்குப் பத்து வயது. திருவையாறு பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா வந்து, "இன்னிக்கு ராத்திரி உலை வைக்க வேண்டாம்" என்றார்.

அப்பாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "குதிரு நிறைய நெல்லு கெடக்கு, புள்ளைங்களைப் பட்டினி போடறதா? யாருடா சொன்னது?"

"டெல்லியில சாஸ்திரி சொல்லியிருக்காரும்மா. வாரத்துல ஒரு வேளை விடணுமாம்."

"நம்ம வீட்டு அடுப்புக்கும் அவருக்கும் என்னடா சம்பந்தம்?"

அப்பா பதில் சொல்லவில்லை. அந்தச் சம்பந்தம் எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

1964 மே 27-ல் நேரு காலமானார். பதினேழு வருஷம் வெளியுறவுத் துறையையும் தன் கையிலேயே வைத்திருந்தவர் அவர். காங்கிரஸ் தலைவராக இருந்த நம் காமராஜர் எல்லோரையும் கலந்து பேசி, லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமராக்கினார். ஜூன் 9-ல் பதவியேற்பு. குள்ளமான உருவம், மெல்லிய குரல். இவரால் முடியுமா என்று உள்ளூரிலும் வெளியூரிலும் கேட்டார்கள்.

உட்கார்ந்த நாற்காலியோ முள் நாற்காலி. 1962-ல் சீனாவிடம் பட்ட அடி ஆறவில்லை. அவர் பதவியேற்ற நாலே மாதத்தில், அக்டோபர் 16-ல், சீனா அணுகுண்டு வெடித்துக் காட்டியது. பாகிஸ்தான் சமயம் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கோ அமெரிக்கக் கப்பலை எதிர்பார்க்க வேண்டிய நிலை. பி.எல். 480 கோதுமை என்றால் நம் வயதுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். டாலர் இல்லாமல் ரூபாயிலேயே விலை கொடுத்து வாங்கலாம் என்ற வசதி அதில் இருந்தது. கப்பல் தாமதமானால் ரேஷன் கடையில் வரிசை நீளும் என்ற ஆபத்தும் இருந்தது.

முதல் பெரிய ஒப்பந்தம் அக்கரையோடுதான் நடந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த நம் ஜனங்கள் 1948 சட்டத்தால் நாடற்றவர்களாகி நின்றார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து நாட்டோடு உரசல் குறைந்தது, நியாயம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தாய்நாடா, புது ஊரா என்றே தெரியவில்லை. சாஸ்திரியிடம் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்தக் கணக்கை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடிந்ததில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலில் கட்ச் எல்லையில் மோதல். அதே மாதம், சாஸ்திரியின் அமெரிக்கப் பயணத்தை ஜனாதிபதி ஜான்சன் தள்ளிப்போட்டார். வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா குறை சொன்னது அங்கே பிடிக்கவில்லை. ஜூன் மாதத்தோடு கோதுமை ஒப்பந்தம் முடிந்தபின், நீண்ட கால ஒப்பந்தம் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து அனுப்ப ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் போர் மூண்டது. 6-ம் தேதி நம் படை எல்லை தாண்டி லாகூர் பக்கம் நகர்ந்தது. அமெரிக்கா இரண்டு பக்கமும் ஆயுத உதவியை நிறுத்தியது. நடுவில் சீனாவும் கெடு வைத்து மிரட்டியது.

அந்த நேரத்தில்தான் வாரத்துக்கு ஒரு வேளை உணவை விடச் சொன்னார் சாஸ்திரி. ஒரு வேளைச் சோற்றில் எத்தனை மூட்டை மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. அடுத்தவன் கப்பலை நம்பிக் கையேந்துகிற வீட்டுக்கு வெளியே குரல் எழும்பாது என்பதை ஒவ்வொரு அடுப்படிக்கும் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அவருடைய வெளியுறவுக் கொள்கையில் பாதி அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மீதிப் பாதிக்கு நம் தஞ்சாவூர் வந்தாக வேண்டும். உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1965 ஜனவரி 14, பொங்கல் சமயம், இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான். நெல் விளைகிற இடத்திலேயே வாங்கிச் சேமிப்பது என்று முடிவு. பேக்கேஜ் திட்டம் ஏற்கெனவே 1960-லிருந்து இங்கே நடந்துகொண்டிருந்தது. குறுவைக்கு ஏற்ற குறுகிய காலப் பயிராக ஆடுதுறை 27 வயலுக்கு வந்தது. அந்த நவம்பரில் சுப்பிரமணியம் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனைச் சந்தித்து, விவசாயத்துக்கு என்னென்ன செய்வோம் என்று எழுதிக் கொடுத்து உடன்பாடு செய்தார்.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் வரவேற்பு இருந்தது என்று சொன்னால் பொய். லெவிக்கு நெல் அளந்து போட்ட அன்றெல்லாம் தாத்தா யாரிடமும் பேசமாட்டார். வெளியூரில் விலை அதிகம், ஆனால் கொண்டுபோகக் கட்டுப்பாடு. டெல்லி யாருக்கும் பணியாமல் நிற்க, அதற்கான விலையில் ஒரு பங்கை எங்கள் களத்துமேடும் கொடுத்தது. அதை யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாத்தா கொஞ்சம் கம்மியாகத் திட்டியிருப்பார்.

1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்டில் பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கானோடு உடன்படிக்கை. அன்று பின்னிரவே சாஸ்திரி போய்விட்டார். மொத்தம் பத்தொன்பது மாதம்தான் பதவியில் இருந்தார். நாம் நம்பியிருந்த கப்பல்களும் உடனே நின்றுவிடவில்லை. அந்த வருஷம்தான் மழை பொய்த்து, வெளிநாட்டுத் தானியம் முன்னெப்போதையும்விட அதிகமாக வந்தது. அவர் விதைத்தது விளைய இன்னும் சில வருஷம் ஆயிற்று.

மூன்றாம் நாள் பொங்கல். எங்கள் வீட்டில் அது சுருக்கமாக முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை பொழுது சாய்ந்ததும் அப்பாயி அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அப்பா ஒன்றும் சொல்லவே இல்லை.

உங்கள் வீடுகளிலும் திங்கட்கிழமை அடுப்பு அணைந்திருக்கும். ஞாபகம் இருப்பவர்கள் எழுதுங்கள்.