தபால் பாடம் முதல் இயங்கலை வரை: கெடா தோட்டத்துப் பிள்ளையும் சட்டப் படிப்பும்



"இயங்கலையில படிச்ச பிள்ளை வக்கீலுக்குப் படிக்க முடியுங்களா?" சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துப் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முடியும், முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், வகுப்பறைக்கு வெளியிலிருந்து படிப்பது சட்டத் துறைக்குப் பழகிப்போன ஒன்று என்பது தெரியும். தோட்டத்துப் பிள்ளைக்கோ எல்லாப் படிப்புமே தொலைவில்தான் இருந்திருக்கிறது.

கெடா 1909ஆம் ஆண்டு ஆங்கிலேய-சயாம் ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகின, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், லயங்களுக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளிகள் முளைத்தன. எழுத, படிக்க, கணக்குப் போட. அதற்கு மேல் அந்தப் பள்ளியிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே கெடாவின் அலோர் ஸ்டாரில் அரச குடும்பத்தில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் கேம்பிரிட்ஜ் போனார். பிறகு லண்டன் இன்னர் டெம்பிளில் சட்டம் படிக்கத் தொடங்கினார். நடுவில் உலகப் போர் வந்து, வழக்குரைஞராகத் தகுதி பெறும்போது 1949 ஆகிவிட்டது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இளவரசருக்கே அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்றால் பால் மரம் வெட்டுபவரின் பிள்ளைக்கு? கப்பல் கட்டணத்தை நினைத்துப் பார்க்கக்கூட வழியில்லை.

ஆனால் சட்டம் தோட்டத்துக்கு வராமல் இல்லை. போலீஸ் வண்டியில் ஏறி வந்தது. பீடோங்கிற்கு அருகில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்ததை வரலாறு படிக்கும் மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் பாடநூல் மாணவர்களில் பலர் இந்தப் பெயரைக் கேட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம். 1946, 1947ஆம் ஆண்டுகளில் அவர்கள் கள்ளை எதிர்த்தார்கள், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள், தோட்டத்தில் ஒழுங்கையும் ஒற்றுமையையும் வளர்த்தார்கள். 1947இன் தொடக்கத்தில் போலீசாருடன் மோதல் வந்தது. உயிர் போனது. தொழிலாளர்கள் கைதாகிச் சிறை சென்றார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அன்று நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். குற்றப் பத்திரிகை ஆங்கிலத்தில், வாதம் ஆங்கிலத்தில், தீர்ப்பும் ஆங்கிலத்தில். கூண்டில் நின்றவருக்குத் தெரிந்தது தமிழ். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். அவர் ஒரு வினைச்சொல்லை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? "போனேன்" என்பதும் "கூட்டிக்கொண்டு போனேன்" என்பதும் சட்டத்தின் முன் ஒன்றல்லவே. தமிழாசிரியர்களாகிய நாம் வேற்றுமை உருபையும் பிறவினையையும் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

சட்டம் காகிதமாகவும் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை முன்னெடுத்தார். பங்குப் பணம் நூறு வெள்ளி. தொழிலாளி அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம், 1961இல். கூட்டுறவு, பங்கு, நிலப்பட்டா என்ற சொற்கள் லயத்துப் பேச்சுக்குள் நுழைந்த காலம் அது. ஆனால் 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் நிலைமை வேறு பக்கம் திரும்பியது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. பல்லாயிரம் பேர் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். உரிய நேரத்தில் ஒரு மனு பாரம் நிரப்பப்படாததால் குடும்பமே பிரிந்த கதைகள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. வழக்குரைஞர் வேலையைப் பலரும் கௌரவத்துக்காக விரும்புகிறார்கள். நம் சமூகத்துக்கு அது பாரம் நிரப்புவதில் தொடங்கிய தேவை.

சரி, தோட்டப் பள்ளியிலிருந்து சட்டக் கல்லூரிக்கு எப்படிப் போவது? முதல் தடை இடைநிலைப்பள்ளி. 1965இல் ஒருங்கிணைந்த கல்வி முறை வரும்வரை ஆறாம் ஆண்டோடு ஒரு தேர்வு வாசலை அடைத்து நின்றது. அது விலகிய பிறகும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. முதலில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் உண்டு, 1970க்குப் பிறகு படிப்படியாக மலாய்க்கு மாறியவர்கள் உண்டு. அண்ணன் ஆங்கிலத்தில், தம்பி மலாயில் என்று ஒரே வீட்டில் இரண்டு இடைநிலைக் கல்வி நடந்த காலம்.

அடுத்த தடை பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது 1957இல் சட்டம் படிக்க முதல் மாணவர்களைச் சேர்த்தது. கோலாலம்பூரில் சட்டத்துறை வந்தது 1972இல்தான். இடங்களோ குறைவு. அப்போது பலருக்குக் கைகொடுத்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். 1858இலிருந்து அந்தப் பல்கலைக்கழகம், லண்டனுக்கு வராமலேயே தேர்வு எழுதிப் பட்டம் வாங்க வழி வைத்திருக்கிறது. பகலில் வேலை பார்த்து இரவில் குறிப்பைப் படித்துத் தேர்வு எழுதலாம். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடி படித்ததும் முதலில் இதே லண்டன் பாடத்தைத்தான். கடைசியில் 1989இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் சட்டப் பட்டம் முடித்தார். இவர்களிடம் வாட்ஸ்அப் குழுவும் இல்லை, ஜூமும் இல்லை.

வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்கள் இங்கே தொழில் செய்ய, 1976ஆம் ஆண்டு வழக்குரைஞர் தொழில் சட்டத்தின் கீழ் சி.எல்.பி. என்ற தேர்வு 1984இல் வந்தது. ஐந்து தாள். பொதுத் தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை. அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்குரைஞரிடம் பயிற்சி. இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். படிவம் நான்கிலேயே மாணவர்களுக்குக் காட்டிவிடுங்கள்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் நாம் எல்லோரும் ஒரே நாளில் தொலைவழி ஆசிரியர்களானோம். டெலிமா தளம் வந்தது, டிடிக் டிவி வந்தது, அந்த ஆண்டின் எஸ்.பி.எம். 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. தோட்டப்பக்கம் ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்டதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் மூத்தவளுக்கு வகுப்பு.

என் கருத்தைச் சொல்கிறேன். இயங்கலைப் பாடம் சட்டப் படிப்புக்கு நல்ல பயிற்சிதான், ஒரு நிபந்தனையோடு. காணொளியைப் பார்த்துவிட்டு விடையை நகலெடுத்து அனுப்பும் பாடமாக இருந்தால் அதனால் பயனில்லை. சட்ட மாணவன் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து நீண்ட பனுவலைப் படிப்பவன். எது நடந்த செய்தி, எது விதி, எந்த விதி எந்தச் செய்திக்குப் பொருந்தும் என்று பிரித்து எழுதுபவன். அந்தப் பழக்கத்தை இயங்கலையில் வளர்க்கலாம், வகுப்பறையைவிட நன்றாகவே வளர்க்கலாம். காரணம், அங்கே எல்லாரும் எழுதியாக வேண்டும், கை தூக்கும் நான்கு பேரோடு முடிந்துவிடாது.

பேச்சு மட்டும் திரை வழியாக முழுமையாக வராது. எதிர்த்தரப்பின் முகத்தைப் பார்த்துப் பேசும் துணிச்சலுக்குப் பட்டிமன்றமும் விவாத மேடையும் வேண்டும். அதைப் பள்ளி நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, எஸ்.பி.எம். மலாய்மொழியை ஒதுக்கி வைக்காதீர்கள். நீதிமன்றத்தில் தொழில் செய்ய அது தேவை. வரலாறு 2013இலிருந்து கட்டாயத் தேர்ச்சிப் பாடம். கட்டுரைப் பகுதியில் காரணத்தையும் விளைவையும் பிரித்து எழுதப் பழகினால் அது நேராகச் சட்டத்துக்கு உதவும். ஆறாம் படிவம் போகிறவர்களுக்கு மூயட் ஆங்கிலம் உண்டு. கெடாவை விட்டுப் போக முடியாதவர்கள் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பையும் பட்டியலில் வையுங்கள். தமிழ் இலக்கியத்தை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2009இல் எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என்று வரம்பு வந்தபோது நம் சமூகம் குரல் கொடுத்துத்தான் பன்னிரண்டுக்கு இடம் கிடைத்தது. பனுவலை வரிவரியாகப் பிரித்துப் பொருள் காணும் பாடம் நம்மிடம் அதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. அடுத்த இயங்கலை வகுப்பில் ஹார்வர்ட் தோட்டத்து மறியலை அரைப்பக்கத்தில் எழுதிப் போடுங்கள். பாதிப் பிள்ளைகள் தொண்டர் படைக்காக, மீதிப் பேர் போலீசுக்காக எழுதட்டும். கேள்வி ஒன்றே ஒன்று: கள்ளுக்கடை முன் கூடி நிற்பது குற்றமா? இருநூறு சொல், மூன்று நாள் அவகாசம். மறுவாரம் தரப்பை மாற்றி அதே பிள்ளைகளை எதிர்ப்பக்கத்துக்காக எழுதச் சொல்லுங்கள்.